குளத்து ஜப்பான்: வன்னிக் குளங்களில் தூண்டில் போடுவோருக்கு

இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் என்று வன்னியின் எந்தக் குளக்கட்டில் ஏறினாலும் தூண்டில் தடியோடு இரண்டு பேரையாவது காணலாம். அவர்களின் பையில் இருப்பது அநேகமாகத் திலாப்பியா. எங்கள் சனத்துக்கு அது 'ஜப்பான் மீன்'. ஆனால் ஜப்பானுக்கும் இந்த மீனுக்கும் தொடர்பில்லை, பிறப்பிடம் ஆபிரிக்கா. மொசாம்பிக் திலாப்பியா 1952 இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. நைல் திலாப்பியா 1975 இல் வந்தது. வால் செட்டையில் நிலைக்குத்தான கோடுகள் வரிசையாக இருந்தால் அது நைல். இரண்டும் கலந்து பெருகிவிட்டதால் இன்று பல குளங்களில் எது எதுவென்று உறுதியாகச் சொல்வது கடினம்.

எங்கள் குளங்கள் வயலுக்காகக் கட்டப்பட்டவை. ஆற்றோட்டத்தில் பழகிய உள்நாட்டு மீன்கள் பல, அந்த அகன்ற நிலைநீரை முழுமையாகப் பயன்படுத்தவில்லை. பாசியையும் நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களையும் தின்று வாழும் திலாப்பியா அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. கடலுக்குப் போகத் தடையும் பொருளாதாரத் தடையும் இருந்த காலத்தில் வன்னியில் பல அடுப்புகளில் கொதித்தது இந்தக் குளத்து மீன்தான். அதே காலப்பகுதியில், 1990 முதல் 1994 வரை, அரசாங்கம் நன்னீர் மீன்பிடிக்கான ஆதரவை நாடு முழுவதும் நிறுத்தியிருந்தது.

திலாப்பியாவின் வாய் சிறியது. பெரிய தூண்டில் முள்ளைப் போட்டால் இரையை மட்டும் கொறித்துவிட்டுப் போய்விடும். சிறிய முள், மெல்லிய தங்கூசி, ஒரு மிதப்பு, மூங்கில் தடி இவை போதும். இரைக்கு மண்புழு நல்லது. கோதுமை மாவைக் கெட்டியாகப் பிசைந்தோ பாண் துண்டை உருட்டியோ கோர்ப்பவர்களும் உண்டு. மிதப்பு முதலில் நடுங்கும், அப்போது இழுக்கக்கூடாது. அது ஒரு பக்கமாக நகரும்போது அல்லது அமிழும்போது சுண்ட வேண்டும். வெயில் ஏறத் தொடங்கும் காலையும் பின்னேரமும் நல்ல நேரங்கள். கோடையில் நீர் வற்றி மீன்கள் ஒதுங்கிக் கூடுவதால் அதிகம் படும்.

அலைகரைப் பக்கம் ஆழம் குறைந்த இடங்களில் வட்டவட்டமாகக் குழிகள் தெரிந்தால், அவை ஆண் மீன்கள் தோண்டிய கூடுகள். பெண் மீன் முட்டைகளை வாயிலேயே வைத்துக் குஞ்சு பொரிக்கும். அந்த நாட்களில் அது பெரும்பாலும் இரை எடுக்காது, ஆகவே தூண்டிலில் படுவது அரிது. வலைக்கு அந்த வித்தியாசம் தெரியாது. பிடித்த மீனின் வாயிலிருந்து முட்டையோ குஞ்சோ கொட்டினால் அதைத் திருப்பி விடுவதே முறை.

விரால் வேறு சாதி. அது இரை கொல்லி. தாமரையும் புல்லும் மண்டிய ஓரங்களில் சிறுமீனையோ தவளையையோ கோர்த்துப் போட வேண்டும், நூலும் தடித்ததாக இருக்க வேண்டும். செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து போகும் இடத்தில் தாயும் தந்தையும் காவல் நிற்கும். அங்கே விராலைப் பிடிப்பது எளிது. பிடித்தால் அந்தக் குஞ்சுக் கூட்டம் மற்ற மீன்களுக்கு இரையாகும்.

பெரிய குளங்களில் நன்னீர் மீன்பிடிச் சங்கங்கள் இருக்கின்றன. மீன்குஞ்சு விடுவதற்கு 'நெக்டா' எனப்படும் தேசிய நீர்வாழ் உயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை உதவுகிறது. மீளக்குடியேறி வெறுங்கையோடு தொடங்கிய குடும்பங்கள் பல அந்தக் குஞ்சுகள் வளர்வதை நம்பியே இருக்கின்றன. ஒரு தூண்டில் அவர்களின் வயிற்றில் அடிக்காது. இருந்தாலும் புதிய குளத்துக்குப் போகிறவர்கள் சங்கத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவது மரியாதை. உண்மையான சேதம் சிறுகண் வலையால்தான் வருகிறது. நன்னீரில் 8.5 சென்ரிமீற்றருக்குக் குறைந்த கண்ணுடைய செவுள் வலை அனுமதிக்கப்படவில்லை. தங்கூசி வலைக்கும் தடை. இருந்தும் கோடையில் நீர் வற்றியதும் உள்ளங்கை அளவு மீனெல்லாம் சந்தைக்கு வருகிறது. கேட்பார் இல்லை.

ஆபத்துகளையும் சொல்ல வேண்டும். குளத்தை ஒட்டிய காட்டுக்குள் குறுக்குவழி தேடாதீர்கள், ஆட்கள் நடக்கும் பாதையிலேயே போங்கள். மண்டையோட்டுக் குறியுடன் சிவப்புப் பலகை இருந்தால் அதைத் தாண்ட வேண்டாம். மண்புழு தோண்டும்போது இரும்போ, பழைய குண்டு போன்ற பொருளோ தென்பட்டால் தொடாமல், வந்த வழியே திரும்பிக் கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிவையுங்கள். பெருங்குளங்களில் முதலையும் உண்டு, முழங்காலளவு நீரில்கூட நின்று தூண்டில் போட வேண்டாம். மாரியில் வான் பாயும் இடத்தில் மீன் துள்ளும், சனமும் கூடும். 2018 டிசெம்பரில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டபோது நீர் எவ்வளவு வேகமாக ஏறியது என்பதைக் கிளிநொச்சி மக்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

கடல்மீன் தின்று பழகிய யாழ்ப்பாணத்தவர்கள் குளத்து மீனில் சேற்று மணம் என்று முகம் சுளிப்பார்கள். அந்த மணம் நீரிலுள்ள சில பாசிகளாலும் நுண்ணுயிர்களாலும் வருவது. வயிற்றின் உட்புறக் கறுப்புத் தோலைச் சுரண்டி எடுத்து, உப்பும் பழப்புளியும் தேய்த்துச் சிறிது நேரம் வைத்துக் கழுவினால் பெருமளவு போய்விடும். பிறகு பொரித்தாலும் சரி, தேங்காய்ப்பால் விட்டுக் குழம்பு வைத்தாலும் சரி.