பிள்ளைச் செலவும் நீதிமன்ற ஆணையும்

கணவனும் மனைவியும் பிரிந்தபின் பிள்ளையைக் காக்கும் பொருட்டுக் கொடுக்கப்படும் பணத்திற்குத் தமிழர் வாழும் நாடுகளில் வெவ்வேறு பெயர் வழங்குகிறது. தமிழகத்தில் அது ஜீவனாம்சம். இலங்கையில் தாபரிப்புப் பணம். மலேசியத் தோட்டப்புறங்களில் மலாய் வழக்கைத் தழுவி நப்கா என்பாரும் உளர்; வீட்டுப் பேச்சில் பிள்ளைச் செலவு என்பர். ஜீவனாம்சம் என்பது பிழைப்புக்குரிய பங்கு. ஒருமுறை பிரித்துக் கொடுத்தால் முடிந்தது என்ற தோற்றத்தைத் தரும் சொல். செலவு அவ்வாறன்று. பால் குடிக்கும் பிள்ளையின் செலவு வேறு. ஐந்தாம் படிவத்தில் பயிலும் பிள்ளையின் செலவு வேறு. சட்ட வரலாற்றை நோக்கின், மக்கள் இட்ட இப்பெயரே உண்மைக்கு நெருங்கியது என்பது புலனாகும். நீதிபதி குறித்த தொகை கல்மேல் எழுத்தன்று. நிலைமை மாறினால் தொகையும் மாறலாம் என்னும் விதி, அத்தொகையை வழங்கும் சட்டத்தோடு நெடுங்காலமாகவே சேர்ந்து வந்திருக்கிறது.

இச்சட்டத்தின் வேர் இங்கிலாந்தில் உள்ளது. அங்கே 1601ஆம் ஆண்டின் ஏழையர் சட்டம், வறியவரைத் தாங்கும் பொறுப்பை முதலில் அவருடைய உறவினர்மீது சுமத்தியது. மனைவி மக்களைக் கைவிட்டு ஊரார் தலையில் கட்டிச் செல்பவனை 1824ஆம் ஆண்டின் நாடோடிகள் சட்டம் தண்டித்தது. பிள்ளையின் நலத்தைவிட ஊர்ப் பொதுப்பணத்தைக் காப்பதே அச்சட்டங்களின் முதல் கவலை. அதே கவலை இந்தியாவுக்கும் வந்தது. ஜீவனாம்சம் குடும்ப வழக்கே ஆயினும், அது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இடம்பெற்றதைக் கண்டு வியப்பவர் பலர். கைவிடப்பட்டோர் தெருவில் அலையாமல் தடுப்பதே அவ்விதியின் நோக்கம் என்று, 1872ஆம் ஆண்டுச் சட்டத்தை இயற்றிய ஸ்டீபன் என்னும் சட்ட அறிஞர் கருதினார். அதனால்தான் அது குற்றவியலில் இடம்பெற்றது.

1898ஆம் ஆண்டுச் சட்டத்தில் 488ஆம் பிரிவு தொகையை விதித்தது; அடுத்த 489ஆம் பிரிவு நிலைமை மாறினால் தொகையை மாற்ற இடங்கொடுத்தது. இரண்டும் அடுத்தடுத்து நிற்பது கருதத்தக்கது. ஆயினும் தொகைக்கு ஓர் உச்சவரம்பு இருந்தது. முதலில் மாதம் 50 ரூபாய், 1923இல் 100, 1955இல் 500. 1973ஆம் ஆண்டின் புதிய சட்டத்தில் இவை 125, 127 ஆகிய பிரிவுகளாயின. 500 ரூபாய் வரம்போ அப்படியே நின்றது. மத்தியச் சட்டத்தின் அளவில் 2001இல்தான் அவ்வரம்பு நீங்கியது. இடைப்பட்ட 46 ஆண்டுகளில் அரிசியின் விலை எங்கிருந்து எங்கே சென்றது என்பதை எண்ணிப் பார்த்தால், தொகையை மாற்றும் விதி ஏட்டில் இருந்தும் ஒரு தாய்க்கு அது எவ்வளவு பயன்பட்டிருக்கும் என்பது விளங்கும். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தில் 144ஆம் பிரிவு தொகையையும் 146ஆம் பிரிவு அதன் மாற்றத்தையும் கூறுகின்றன.

இனி மலாயாவுக்கு வருவோம். கங்காணி முறையில் ஆள் சேர்த்த காலத்தில், தோட்டத்தில் கணவன் மனைவியர் பிரிந்தால் வழக்கு நீதிமன்றத்திற்குச் செல்வது அரிது. கோயில் வாசலிலோ கங்காணி வீட்டுத் திண்ணையிலோ பெரியவர்கள் கூடிப் பேசித் தீர்த்துவிடுவர். நகை யாருக்கு, கடன் யார்மேல் என்பனவே பெரும்பாலும் பேச்சாகும். பிள்ளை தாயிடமோ பாட்டியிடமோ வளரும். பேச்சில் முடிந்த ஏற்பாட்டுக்குத் தோட்டத்துக்குள் வலிமை உண்டு. தந்தை பெயர் வெட்டிக்கொண்டு வேறு தோட்டம் போய்விட்டாலோ கப்பலேறிவிட்டாலோ அவ்வலிமை இல்லை. எழுத்தில் இல்லாததைத் திருத்தக் கேட்பது எங்ஙனம்?

கூலியும் நிலையாக இருக்கவில்லை. 1920களின் இறுதியில் முக்கிய வட்டாரங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று வரையறுக்கப்பட்டிருந்தது. உலக மந்தம் வந்ததும் 1930இல் அது 40, 32 என இறங்கிற்று. வேலை நாட்களும் குறைந்தன. நாட்கூலி பெறுபவன் மாதந்தோறும் ஒரே தொகையைக் கட்டுதல் என்பது எத்துணைக் கடினம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா. தொகையைக் கூட்டவும் குறைக்கவும் இருவழியும் திறந்திருத்தல் வேண்டும் என்பதற்கும் இதுவே காரணம்.

போருக்குப் பின்தான் மலாயாவில் இதற்குத் தெளிவான சட்டங்கள் அமைந்தன. 1949இல் வந்த சட்டம், ஒரு நாட்டு நீதிமன்றம் இட்ட ஜீவனாம்ச ஆணையை இன்னொரு நாட்டில் நிறைவேற்ற வழி செய்தது. இங்கிலாந்து 1920இலும் இந்தியா 1921இலும் இத்தகைய சட்டம் இயற்றியிருந்தன. மறு ஆண்டு, மணமான மாதர், குழந்தைகள் பராமரிப்புச் சட்டம் பிறந்தது. கணவன் மனைவியையோ பிள்ளையையோ காக்க மறுத்தால் அல்லது புறக்கணித்தால், அவனுடைய வசதிக்கு ஏற்ப மாதத் தொகை விதிக்கலாம் என்றது அச்சட்டம். மணவுறவுக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கும் அதில் இடமுண்டு. நிலைமை மாறியதை மெய்ப்பித்தால் ஆணையை மாற்றலாம், நீக்கலாம் என்றும் கூறியது. அதனோடு நில்லாமல், ஆணை பிறந்த நாளுக்கும் விண்ணப்பம் விசாரிக்கப்படும் நாளுக்கும் இடையே பொதுவான வாழ்க்கைச் செலவில் ஏற்பட்ட மாற்றத்தையும் நீதிமன்றம் கருதலாம் என்று ஒரு வாசகம் சேர்த்தது. ஜப்பானியர் காலப் பஞ்சத்தையும் அரிசிப் பங்கீட்டையும் கண்ட தலைமுறைக்கு இவ்வாசகத்தின் அருமை விளங்கியிருக்கும். கொடுப்பவனின் சம்பளம் உயரவில்லை, பெறுபவளின் நிலை தாழவில்லை என்றாலும், கடையில் விலை ஏறியதே கேட்பதற்கு ஏற்ற காரணமாயிற்று. சிங்கப்பூரின் 1961ஆம் ஆண்டு மாதர் சாசனத்திலும் இவ்விதி உண்டு. 1968இல் வந்த மற்றொரு சட்டம், தந்தையின் சம்பளத்திலேயே பிடித்துக் கட்டுமாறு முதலாளிக்கு ஆணையிட வழி வகுத்தது. மாதச் சம்பளம் எழுதும் கிராணி உள்ள தோட்டங்களுக்கு இது மிகவும் பொருந்தும் ஏற்பாடு.

முஸ்லிம் அல்லாதாரின் மணம், மணவிலக்கு ஆகியவற்றை ஒருமுகப்படுத்திய 1976ஆம் ஆண்டுச் சட்டம் 1982 மார்ச் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. முஸ்லிம்களுக்கு ஷரியா நீதிமன்றங்களும் மாநிலச் சட்டங்களும் தனியே உள்ளன. அந்நாளுக்குப் பின் நடந்த மணங்களுக்குப் பதிவு இன்றியமையாதது. தாலி கட்டியாயிற்று, ஊர் அறிய விருந்தும் ஆயிற்று, பதிவு எதற்கு என்று இருந்துவிட்ட தோட்டத்துக் குடும்பங்களில், பிரிவு நேர்ந்தபோது மனைவி என்னும் உரிமையே கேள்விக்குரியதாயிற்று. ஆயினும் பிள்ளைக்கு 1950ஆம் ஆண்டுச் சட்டத்தின் துணை எஞ்சி நின்றது.

புதிய சட்டத்தின் 96ஆம் பிரிவு, ஆணை தவறான தகவலின்மீது எழுந்திருந்தாலும், நிலைமையில் குறிப்பிடத்தக்க மாற்றம் நேர்ந்திருந்தாலும், நீதிமன்றம் அதனை மாற்றலாம் என்கிறது. 97ஆம் பிரிவு ஒரு படி மேலே செல்கிறது. தாயும் தந்தையும் தமக்குள் ஒப்பந்தம் எழுதி, இதனை எக்காலத்தும் மாற்றுவதில்லை என்று கையொப்பம் இட்டிருந்தாலும், பிள்ளையின் பொருட்டு அதனை நீதிமன்றம் மாற்றலாம். பணம் பிள்ளைக்குரியது என்னும் கருத்து இங்கேதான் முழுமை பெறுகிறது எனலாம். பிறருக்குரியதை விட்டுக்கொடுக்கப் பெற்றோருக்கும் உரிமை இல்லை.

இவ்விதிகள் மலைமேல் எவ்வாறு பொருந்தும் என்பதையும் காண்போம். 1885இல் வில்லியம் கேமரன் அளந்து சென்ற மேட்டுநிலத்தில், 1929இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கிய பின் தமிழர் குடியேற்றம் பெருகியது. பிரிஞ்சாங்குக்கு அருகில் உள்ள சுங்கை பாலாஸ் தோட்டமும் அவ்வழி வந்ததே. அங்கே ஒரு தந்தைக்கு 2013இல் மாதம் 200 ரிங்கிட் விதிக்கப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைக்கு அப்போது ஐந்து வயது. தீபகற்பத்தில் குறைந்தபட்சச் சம்பளம் 900 ரிங்கிட். 2022இல் அது 1500, 2025இல் 1700. பிள்ளையும் இடைநிலைப்பள்ளியின் மேல்வகுப்புக்கு வந்துவிட்டது. விண்ணப்பம் செய்யாதவரையில் ஆணையில் உள்ளது 200 ரிங்கிட்டே. சட்டம் தானாகக் கூட்டித் தருவதில்லை. அவ்வாறே, தந்தை கைகால் முறிந்து வேலை இழந்தாலும் தானாகக் குறைத்துக் கட்ட இயலாது. குறைத்தவையெல்லாம் பாக்கியாகச் சேரும். பாக்கியைக் கேட்பதற்கும் மூன்றாண்டு வரம்பு உண்டு. அதற்கு முந்தியது கேட்காமலே போயிற்று என்று எண்ணிக்கொள்ள வேண்டியதுதான்.

இவ்வரலாற்றில் தமிழாசிரியர்கள் விரும்பிப் படிக்கத்தக்க பகுதி ஒன்று உண்டு. அது ஒரு சொற்றொடருக்குப் பொருள் கண்ட கதை. பிள்ளைக்கு 18 வயது நிறையும்போது ஆணை முடியும், உடல் அல்லது மனக் குறைபாடு இருந்தால் மட்டும் நீளும் என்றது 95ஆம் பிரிவு. மேற்படிப்பில் இருக்கும் பிள்ளை தானே ஈட்டும் நிலையில் இல்லாமையால் அதுவும் அவ்விலக்கில் அடங்கும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் உரை கண்டது. 2004இல் கூட்டரசு நீதிமன்றம் அதனை மறுத்தது. சொல் தெளிவாக இருக்கையில் இரக்கத்தால் பொருளை விரித்தல் ஆகாது, விரிக்க வேண்டுமாயின் அது நாடாளுமன்றத்தின் வேலை என்பது அத்தீர்ப்பின் போக்கு. மூலத்தில் இல்லாததை உரையில் ஏற்றலாமா என்று நம் உரையாசிரியர்கள் பொருத வழக்கும் ஏறத்தாழ இதுவே. தீர்ப்பு இலக்கணப்படி சரியானது, விளைவோ கொடியது. ஆறாம் படிவம் முடிப்பதற்குள் பிள்ளைக்கு வயது 19 ஆகிவிடும். மலையிலிருந்து இறங்கிப் பல்கலைக்கழகத்துக்கோ தொழிற்கல்லூரிக்கோ புறப்படும் வேளையில்தான் செலவு மிகும். அவ்வேளையில்தான் ஆணை முடிந்தது.

நாடாளுமன்றம் 2017இல் திருத்தம் இயற்றியது. 2018 டிசம்பர் 15 முதல், மேற்கல்வியோ பயிற்சியோ முடியும்வரை தொகை தொடரலாம் என்றாயிற்று. தீர்ப்புக்கும் திருத்தத்தின் நடைமுறைக்கும் இடையே 14 ஆண்டுகள் ஓடின. தேயிலைத் தோட்டத் தமிழர் மிகுதியாக வாழும் இலங்கையில், 1889ஆம் ஆண்டின் பழைய தாபரிப்புச் சட்டத்தை நீக்கி வந்த 1999ஆம் ஆண்டுச் சட்டமே 18 முதல் 25 வயது வரையுள்ள மக்களுக்கும் இடமளித்திருந்தது.

பகாங் மாநிலத்தின் உயர்நீதிமன்றங்கள் குவாந்தானிலும் தெமர்லோவிலும் உள்ளன. பிரிஞ்சாங்கிலிருந்து ஒரு நாள் சம்பளத்தை இழந்தே அங்குச் செல்ல வேண்டும். 1970இல் தொடங்கப்பட்ட அரசாங்கச் சட்ட உதவி நிலையம் வசதி குறைந்தோரின் பராமரிப்பு வழக்குகளை ஏற்கிறது. அங்குச் செல்லும் தாயோ தந்தையோ பழைய ஆணையின் படி, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், சம்பளச் சீட்டுகள், பள்ளிக்கும் பேருந்துக்கும் மருந்துக்கும் கட்டிய பணத்தின் ரசீதுகள் ஆகியவற்றை உடன் கொண்டு செல்லல் வேண்டும். இவற்றுள் பல வீடுகளில் கிடைக்காமற் போவது அந்த ரசீதுகளே.