உதிர்ந்ததைக் கொண்டு செய்த ஒப்பனை: மலைச்சாரலும் நம் விழா அலங்காரங்களும்

ஐப்பசித் திங்கள் அமாவாசையன்று வைகறைப் பொழுதில் வர்த்தமான மகாவீரர் பாவாபுரியில் வீடுபேறு எய்தினார். அந்நன்னாளையே நாம் தீபாவளியாகக் கொண்டாடுகிறோம். அகல் ஏற்றுகிறோம்; வாயிலில் கோலம் இடுகிறோம்; நிலையில் தோரணம் கட்டுகிறோம். இவை யாவும் அண்மைக் காலம்வரை இல்லத்தார் தம் கையால் செய்தவை. இன்றோ ஞெகிழி மாவிலையும், தரையில் ஒட்டும் கோலத்தாளும், மின்கலத்தால் ஒளிரும் அகலும் கடைகளில் குவிந்து கிடக்கின்றன. இந்நிலையில், கைவினையாக இருந்த விழா அலங்காரத்தின் வரலாறு யாது, அதில் சமண அறத்தின் பங்கு யாது என்று எண்ணிப் பார்ப்பது பயனுடையதாகும்.

இவ்வாராய்ச்சிக்கு நம் குடிகள் மிகுதியாக வாழும் வந்தவாசி, ஆரணி, திண்டிவனப் பகுதிகளை மட்டும் நோக்குதல் போதாது. தேனி மாவட்டத்தில் போடிநாயக்கனூரும் பொட்டிபுரமும் அமைந்துள்ள ஏலமலைச் சாரலையும் நோக்குதல் வேண்டும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சமணம் அங்குக் கல்லில் தன் சுவடுகளைப் பதித்தது. அக்கல் இன்றும் உள்ளது. அதன்முன் எரிந்த விளக்கு இல்லை. ஆயினும் அச்சாரலின் எளிய வீடுகளில் ஆண்டுதோறும் செய்து மகிழும் அலங்காரங்கள் அறுபடாமல் வருகின்றன. எது நிலைக்கிறது, எதனால் நிலைக்கிறது என்பதற்கு இது நல்ல சான்று.

பாவாபுரியின் விளக்குகள்

தீபாவளி விளக்கின் தோற்றத்தைச் சமண நூல்கள் தெளிவாகக் கூறுகின்றன. மகாவீரர் வீடுபேறு அடைந்த இரவில் மல்லர் ஒன்பதின்மரும் இலிச்சவியர் ஒன்பதின்மருமாகிய 18 கணத்தலைவர்கள், அறிவொளி மறைந்தமையால் புறவொளியேனும் ஏற்றுவோம் என்று விளக்கிட்டதாகச் சுவேதாம்பரரின் கல்பசூத்திரம் உரைக்கிறது. திகம்பர மரபில், புன்னாட சங்கத்து ஜினசேனர் சக ஆண்டு 705இல், அதாவது கி.பி. 783இல், இயற்றிய அரிவம்ச புராணம் பாவாநகர் விளக்கொளியால் பொலிந்ததையும், அதனை நினைந்து மக்கள் ஆண்டுதோறும் தீபாலிகை கொண்டாடுவதையும் குறிப்பிடுகிறது. மரபுவழிக் கணக்கின்படி மகாவீரரின் வீடுபேறு கி.மு. 527இல் நிகழ்ந்தது.

இங்குக் கருதத்தக்கது ஒன்று உண்டு. அவ்விளக்கு வெற்றியைக் கொண்டாட ஏற்றப்பட்டதன்று. இழப்பை ஆற்றவும், பெற்ற அறிவை மறவாதிருக்கவும் ஏற்றப்பட்டது. ஆகவே நம் தீபாவளி அலங்காரத்திற்கு ஆரவாரம் இயல்பன்று; அடக்கமே இயல்பு. வெடியும் புகையும் நம்மவர் விலக்கத்தக்கன என்று பெரியோர் கூறிவருவதன் காரணமும் இதுவே.

காப்பியங்கள் காட்டும் ஒப்பனை

தமிழ்நாட்டு விழா ஒப்பனையைச் சிலப்பதிகாரம் விரிவாகக் காட்டுகிறது. புகார் நகரத்து இந்திர விழாவில் மாளிகை வாயில்கள்தோறும் தோரணமும், பூரண கும்பமும், முளைப்பாலிகையும், பாவை விளக்கும் விளங்கின. மணிமேகலையின் விழாவறை காதையோ இன்னும் நுட்பமானது. அங்கு முரசறைவோன் நகர மக்களை நோக்கி, காய்க்குலையுடன் கமுகும் வாழையும் கரும்பும் நடுமாறும், பழைய மணலை மாற்றிப் புதுமணல் பரப்புமாறும் அறிவிக்கின்றான். விழாவை அறிவித்தது அரசு. வீதியை அழகு செய்தவர் மக்கள். அவர்கள் கையாண்ட பொருள்களும் தோட்டத்திலும் ஆற்றங்கரையிலும் கிடைத்தவை.

பூரண கும்பமும் கொடியும் நமக்குப் புதியன அல்ல. கலசம், பிருங்காரம், கண்ணாடி, சாமரம், கொடி, விசிறி, வெண்குடை, சுப்பிரதிட்டம் என்னும் எட்டும் திகம்பர மரபின் அட்டமங்கலங்கள். இவற்றுள் பெரும்பாலன வீட்டில் புழங்கும் பொருள்களே. விசிறியும் குடையும் கண்ணாடியும் நீர்க்குடமும் மங்கலப் பொருள்களாகப் போற்றப்பெற்றமை, இல்லத்துப் பொருளுக்கும் ஜினாலயத்து வழிபாட்டிற்கும் இடையே சுவர் இல்லை என்பதை உணர்த்துகிறது.

கோலத்திற்கும் இத்தகைய சிறப்பு உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில் மற்றொரு ஜினசேனர் இயற்றிய ஆதிபுராணம் சமவசரணத்தை வருணிக்கும்போது, அதன் வெளிமதிலைத் தூளிசாலம் என்கிறது. பலநிற மணித்துகளால் ஆன மதில் அது. அருகனின் அறவுரை கேட்க வருவோர் முதலில் காண்பது துகளால் ஆன வண்ணக்கோட்டையே. வாசலில் மாக்கோலமிட்டு விருந்தினரை வரவேற்கும் நம் தாய்மார்கள், அறிந்தோ அறியாமலோ, ஒரு சிறு தூளிசாலத்தை நாள்தோறும் அமைத்து வருகின்றனர்.

புதுக்கோட்டைச் சித்தன்னவாசல் குகைக்கோயில் விதானத்தில் தாமரைப் பொய்கை தீட்டப்பட்டுள்ளது. அதுவும் சமவசரணத்து நீர்நிலையைக் குறிப்பது என்பர். பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இக்கோயிலைப் புதுக்கினான் என்பதை அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. அவ்வோவியத்தின் வெண்மை சுண்ணாம்பு, கருமை கரி, மஞ்சளும் சிவப்பும் காவிமண். சுவருக்குச் சுண்ணாம்பும் அடிப்பகுதிக்குக் காவிப்பட்டையும் தீட்டும் சிற்றூர் வீட்டின் வண்ணங்களும் இவையே.

சாரலில் எரிந்த விளக்கு

இனி, மலைச்சாரலுக்கு வருவோம். போடிநாயக்கனூருக்குத் தெற்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது உத்தமபாளையம். அங்கு ஒரு பெரும்பாறையில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் இரு வரிசைகளாகச் செதுக்கப்பட்டுள்ளன. அருகே வட்டெழுத்துக் கல்வெட்டுகள் உள்ளன. பாண்டிநாடெங்கும் திருமேனிகள் செய்வித்த அச்சணந்தி முனிவரின் பெயரை இங்கும் காணலாம். இவ்விடம் திருக்குணகிரி என வழங்கப்பெற்றது. திருக்குணகிரித் தேவருக்கு விளக்கெரிக்கக் காசு கொடுத்த செய்தியும் இங்குப் பொறிக்கப்பட்டுள்ளது.

இம்மலைத்தொடருக்கு வடக்கே, பழனிக்கு அருகிலுள்ள ஐவர்மலையிலும் இத்தகைய அறம் நிகழ்ந்தது. சக ஆண்டு 792இல், அதாவது கி.பி. 870இல், வரகுண பாண்டியனின் எட்டாம் ஆட்சியாண்டில், குணவீரக் குரவடிகளின் மாணாக்கர் சாந்திவீரக் குரவர் பார்சுவ படாரரின் திருமேனியையும் இயக்கியர் திருமேனிகளையும் புதுக்கினார். திருவமுதுக்கும் அடிகள் ஒருவருக்கு உணவளிப்பதற்கும் 505 காணம் பொன் வைத்தார்.

காசும் பொன்னும் முதலாக வைத்து நடத்திய அறங்கள், அவற்றைக் காக்கும் மக்கள் இல்லாது போனபோது நின்றுவிட்டன. உத்தமபாளையத்துப் பாறை இன்று கருப்பணசாமி கோயிலை ஒட்டிய இடமாகவே அறியப்படுகிறது. கல்வெட்டு, விளக்கை ஏற்றுமாறு சொல்லும். அதனால் விளக்கை ஏற்ற இயலாது. ஏற்றுவதற்கு ஒரு கை வேண்டும்.

பூளைப்பூவும் வாழையும் ஏலமும்

அதே சாரலில் எவ்வித முதலும் இன்றி நடந்துவருவது ஒன்று உண்டு. மார்கழியின் இறுதிநாளில், பொங்கலை எதிர்நோக்கி, இப்பகுதி மக்கள் சிறுபூளையையும் ஆவாரம்பூவையும் வேப்பிலையையும் ஒன்றாகக் கட்டிக் கூரையின் இறப்பில் செருகுவர். தொழுவத்திலும் கட்டுவர். இதனைக் காப்புக்கட்டுதல் என்பர். கொங்கு நாட்டிலும் இவ்வழக்கம் உண்டு. சிறுபூளைக்குக் கண்ணுப்பீளை என்றும் பெயர். மழைக்குப்பின் வயலோரங்களில் தானே முளைக்கும் செடி அது; அதன் பஞ்சு போன்ற வெண்பூங்கதிர் காய்ந்தபின்னும் உருக்கெடாது. ஆகையால் ஒருமுறை கட்டிய காப்பு பல திங்கள் நிற்கும்.

கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் மலைநாட்டு மகளிர் கொய்து பாறையில் குவித்த 99 மலர்கள் வரிசையாகக் கூறப்படுகின்றன. ஆவிரையும் பூளையும் அவ்வரிசையில் இடம்பெறுகின்றன. ஈராயிரம் ஆண்டுகளாக இம்மலர்கள் குறிஞ்சி நிலத்து அணிகலனாக இருந்து வருகின்றன என்று கொள்வதில் தவறில்லை. அரசும் மடமும் மாறின. மலைச்சாரலின் கை மாறவில்லை.

கம்பம் பள்ளத்தாக்கில் வாழை மிகுதி. வாழை ஒருமுறையே குலை ஈனும்; குலை வெட்டியபின் அம்மரத்தைச் சாய்த்துவிடுவர். அவ்வாறு பயன்முடிந்த மரத்தின் மட்டையும் நாரும் தோரணத்திற்கும் மாலைக்கும் உதவுகின்றன. போடியில் இலவம்பஞ்சும் ஏலமும் பெரும் வணிகப் பொருள்கள். இலவங்காய் முற்றி வெடித்துப் பஞ்சு தருகிறது. மரத்தை வெட்ட வேண்டுவதில்லை. ஏலக்காய் உலர்ந்தபின் பசுமையும் மணமும் நீங்காது நிற்கிறது. கர்நாடகத்தின் ஹாவேரி நகரம் ஏலக்காய் மாலைக்குப் புகழ்பெற்றது. விளையும் சாரலிலேயே அதனை ஒப்பனைப் பொருளாக்குதல் இன்னும் பொருத்தமுடையது.

உதிர்ந்த பீலி கற்பிக்கும் நெறி

அலங்காரத்தில் நாம் கடைப்பிடிக்க வேண்டிய நெறி எது? அதற்கு விடை திகம்பர முனிவரின் கையிலேயே உள்ளது. அவர்தம் உடைமைகள் மிகச் சிலவே. அவற்றுள் ஒன்று மயிற்பீலியால் ஆன பிஞ்சி. அமரும் இடத்திலும் நடக்கும் வழியிலும் உள்ள சிற்றுயிர்களை மெல்ல விலக்க அது பயன்படுகிறது. அப்பீலி மயிலிடமிருந்து பறித்ததாக இருத்தல் ஆகாது. தானே உதிர்ந்ததாக இருத்தல் வேண்டும். காண்பதற்கு அழகிய பொருள், கையால் கட்டியது, உயிரைக் காப்பது, உயிரை வருத்தாமல் பெற்றது. நம் விழா ஒப்பனைக்கு இதனினும் சிறந்த இலக்கணம் இல்லை.

இந்நெறியைப் பற்றியே வடநாட்டுத் திகம்பரருள் தேராபந்தினர் பூசையில் மலருக்கு மாற்றாகக் குங்குமப்பூ நிறமூட்டிய அரிசியைப் பயன்படுத்துகின்றனர். தமிழ்ச் சமணர் மலர் வழிபாட்டைக் கைவிடவில்லை. இரண்டும் நம் சமயத்துக்குள் நிலவும் மரபுகளே. எனினும், பறிப்பதைக் குறைத்து உதிர்ந்ததையும் முதிர்ந்ததையும் உலர்ந்ததையும் நாடுதல் இருசாரார்க்கும் உடன்பாடான செயலாகும். புழுக்களைக் கொன்று பெறும் பட்டுக்கு மாற்றாகப் பருத்தித் துணியில் விதானம் கட்டுவதும் இதன்பாற்படும்.

இல்லத்தில் செய்யத்தக்கன

கோலம்: கல்மாவும் செயற்கை வண்ணமும் தவிர்த்து அரிசிமாவில் இடுக. நடுவில் சுவத்திகமும், அதன்மேல் மூன்று புள்ளிகளும், அவற்றின்மேல் பிறையும் புள்ளியும் அமைக்க. நான்கு கைகள் நால்வகைப் பிறவிகளையும், மூன்று புள்ளிகள் நற்காட்சி, நல்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மும்மணிகளையும், பிறையும் புள்ளியும் சித்தர் உறையும் உலகையும் குறிப்பன. சிறுவர்களைக் கொண்டு இதனை இடச்செய்தால், பொருளையும் கூடவே சொல்லித்தர வாய்க்கும். மாவை நாடி எறும்புகள் வருமாதலால், மிதிபடாத ஓரத்தில் இடுதல் நலம்.

விளக்கு: ஐப்பசி மழைக்காலம், ஈசலும் சிறு பூச்சிகளும் சுடரை நாடி வந்து மடியும். முன்னோர் சுவரில் மாடக்குழி அமைத்து அதனுள் விளக்கு வைத்தனர். மாடக்குழி இல்லாத இன்றைய வீடுகளில், அகலைச் சுற்றிக் கண்ணாடிக் கூடு வைத்து, அதன் மேல்வாயை மெல்லிய கம்பிவலையால் மூடலாம். விளக்கின் எண்ணிக்கையைக் குறைத்து, குறித்த நேரம் மட்டும் எரியவிடுதலும் தக்கது.

தோரணம்: தானே விழுந்த தென்னை மட்டையின் ஓலையையும் பனையோலையையும் நீரில் ஊறவைத்தால் அவை வளைந்து கொடுக்கும். அவற்றைக் கிளியாகவும் மீனாகவும் முக்குடையாகவும் மடிக்கலாம். வாழைநாரில் கோத்து நிலையில் கட்டினால் அடுத்த ஆண்டுவரை வைத்துக்கொள்ளலாம்.

ஏலச்சரம்: உலர்ந்த ஏலக்காய்களின் காம்புப் பக்கத் தோலில் ஊசி செலுத்திப் பருத்தி நூலில் கோக்கவேண்டும். இதனை வாயில் நிலைக்கு மட்டும் பயன்படுத்துக. இறைவன் திருமுன் படைத்தது நிர்மாலியமாதலால் அதனை நாம் மீண்டும் கொள்ளலாகாது. நிலையில் தொங்கிய சரமோ, விழா முடிந்தபின் பிரிக்கப்பட்டுச் சமையலறைக்குச் செல்லலாம். ஒரு பொருளும் வீணாவதில்லை.

முடிவுரை

நம் குடும்பங்கள் இன்று ஊரைவிட்டுச் சென்னையிலும் பெங்களூரிலும் கடல்கடந்த நாடுகளிலும் வாழ்கின்றன. பலருக்கு ஜினாலயம் தொலைவில் உள்ளது. பிள்ளைகள் ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்கு வருவதும் அரிதாகிறது. திருக்குணகிரியின் வரலாறு இங்கு நமக்கு ஓர் எச்சரிக்கை. திருமேனிகள் ஆயிரம் ஆண்டு நிற்கக்கூடும். அவற்றை வணங்கத் தெரிந்த பிள்ளைகள் இல்லையேல் அவை வெறும் பாறைச் சிற்பங்களே. கோவிலைப் புதுப்பிக்க நிதி திரட்டும் நாம், வீட்டு வாசலில் ஒரு சுவத்திகம் இடத் தெரிந்த பிள்ளையை உருவாக்குவதிலும் அத்துணை அக்கறை கொள்ளுதல் வேண்டும்.

கோலம் மாலைக்குள் கலைந்துவிடும். மறுநாள் அதனை மீண்டும் இடவேண்டும். மீண்டும் மீண்டும் செய்யவேண்டியிருப்பதனாலேயே அது தாயிடமிருந்து மகளுக்குக் கைமாறுகிறது. இவ்வாண்டுத் தீபாவளிக்கு ஒவ்வோர் இல்லத்தாரும் ஒரு பொருளையேனும் தம் மக்களோடு அமர்ந்து கையால் செய்வார்களாக. அப்பொருள் எவ்வுயிரையும் வருத்தாததாக அமைவதாக.

அறம் வளர்க! அருகன் நெறி ஓங்குக!