தலைநகரின் தமிழ்ப் பாடசாலைகளும் மாணவர் நல்வாழ்வும்

பாடசாலை என்றதும் பலருடைய நினைவிற்கு வருவன பரீட்சையும் பெறுபேறுமே. ஆயின், காலையிற் புத்தகப் பையுடன் பாடசாலை வாயிலைக் கடக்கும் பிள்ளை பாடத்தை மாத்திரம் எதிர்பார்த்துச் செல்வதில்லை. தான் அமர்வதற்கு ஓரிடம், தன்னைப் பெயர் சொல்லி அழைக்கும் ஓர் ஆசிரியர், இடைவேளையில் உடனிருந்து உண்ணும் ஒரு தோழன் ஆகியவற்றையும் அது எதிர்பார்க்கின்றது. இவ்வெதிர்பார்ப்புக்களைப் பாடசாலைச் சமூகம் எவ்வாறு நிறைவேற்றி வந்தது என்பதற்குக் கொழும்பு மாநகரின் வரலாறு நல்ல சான்றாகும். நகரின் வடபால் அமைந்த கொட்டாஞ்சேனையும் தென்பால் அமைந்த வெள்ளவத்தையும் இவ்வகையிற் சிறப்பாக நோக்கத்தக்கவை.

கொட்டாஞ்சேனை துறைமுகத்தை அண்டிய பகுதி. துறைமுகத் தொழிலாளரும், செட்டியார் தெரு வணிகரும், கத்தோலிக்கக் குடும்பத்தினரும் நெருங்கி வாழும் இடம். புனித பெனடிக்ற் கல்லூரி 1865ஆம் ஆண்டிலும், நல்லாயன் கன்னியர் மடப் பாடசாலை 1869ஆம் ஆண்டிலும் இங்கே தோன்றின. 1897ஆம் ஆண்டு தை மாதத்திற் சுவாமி விவேகானந்தர் கொழும்பில் வந்திறங்கியபோது எழுந்த உணர்ச்சியின் பயனாக 1902இல் விவேகானந்த சபை உருவாயிற்று. அதன் கல்விப் பணியிலிருந்து விவேகானந்தக் கல்லூரி வளர்ந்தது. வெள்ளவத்தையோ கடலோரப் புகையிரதப் பாதையை ஒட்டி வளர்ந்த குடியிருப்பு. அரசாங்க அலுவலகங்களிற் கடமையாற்ற வந்த யாழ்ப்பாணத்து எழுதுவினைஞர் பலர் இங்கே குடியமர்ந்தனர். 1930களிற் சைவ மங்கையர் கழகத்தார் இங்கே பெண்களுக்கெனப் பாடசாலை நடத்தத் தொடங்கினர். அயலிலுள்ள பம்பலப்பிட்டியில் 1951இற் பிள்ளையார் பாடசாலை என்னும் பெயரில் ஆரம்பித்ததே இன்றைய இந்துக் கல்லூரி.

கிராமத்துப் பிள்ளைக்குக் கோயில் வீதியும், குளக்கரையும், உறவினர் முற்றமும் இருந்தன. ஒரு வீட்டிற் குறை நேர்ந்தால் மற்றொரு வீடு அதனை அறிந்துகொள்ளும். இரண்டு அறை வாடகை வீட்டில், அயலார் யாரென்று அறியாது வளர்ந்த தலைநகர்ப் பிள்ளைக்கு அவ்வாய்ப்பு இல்லை. அதற்குப் பாடசாலையே ஊராக அமைந்தது. வாணி விழாவிற் கோலமிடுவதும், இல்ல விளையாட்டுப் போட்டியிற் கொடி பிடிப்பதும், தமிழ் மன்றக் கூட்டத்தில் நடுங்கும் குரலில் முதன்முதலாகப் பேசுவதும் வெறும் பொழுதுபோக்கல்ல. பிறரோடு கூடி வாழும் பழக்கம் நகரத்துப் பிள்ளைக்கு வாய்த்த வழிகள் இவையேயாம்.

ஆயினும், அவ்வூரின் வாயில் எல்லார்க்கும் திறந்திருந்தது என்று சொல்ல இயலாது. ஆங்கிலம் கற்பித்த பாடசாலைகள் கட்டணம் அறவிட்டன. தாய்மொழிப் பாடசாலைகளிற் கட்டணம் இல்லை. ஆனால், அரசாங்க உத்தியோகத்திற்கு ஆங்கிலமே வழியாயிருந்தது. ஆகவே, தொழிலாளியின் மகன் எத்துணைத் திறமை உடையவனாயினும் ஓரெல்லையோடு நின்றுவிட நேர்ந்தது. இந்நிலையை மாற்ற முன்னின்றவர், அரசாங்க சபையிற் கல்வி அமைச்சராக விளங்கிய சீ. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா. புலமைப்பரிசில் பெற்றுக் காலி றிச்மன்ட் கல்லூரியிற் கற்றவராதலின், வறிய மாணவனின் நிலையை அவர் நன்கறிந்திருந்தார். அவர் தலைமையில் அமைந்த விசேட குழுவின் அறிக்கை 1943இல் வெளிவந்தது. 1945ஆம் ஆண்டு ஒக்ரோபர் முதலாந் திகதி தொடக்கம் பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரையும் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது.

வாயில் திறந்த பின்னரும் வயிறு ஒன்று இருந்தது. பாடசாலைகளிற் பிள்ளைகளுக்கு மதிய உணவு இலவசமாக வழங்கப்பட்டு வந்தது. 1953இல், அரிசியின் விலை இருபத்தைந்து சதத்திலிருந்து எழுபது சதமாக உயர்த்தப்பட்டபோது, அம்மதிய உணவும் நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு ஓகஸ்ட் 12ஆம் திகதி நாடெங்கும் ஹர்த்தால் நிகழ்ந்ததையும், ஒக்ரோபரிற் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்ததையும் வரலாறு கூறும். அன்று மக்கள் எழுப்பிய முறைப்பாடுகளுள் பிள்ளைகளின் மதிய உணவும் ஒன்றாயிருந்தது. பசித்த பிள்ளைக்குக் கணக்கு ஏறாது என்பதை விளங்கிக்கொள்ளப் பெற்றோருக்கு அறிக்கை எதுவும் தேவைப்படவில்லை.

பின்னர் வந்த சோதனைகள் இன்னும் கொடியவை. 1958ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது றோயல் கல்லூரி அகதி முகாமாயிற்று. 1977இலும் 1983 யூலையிலும் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி, வீடிழந்த தமிழ் மக்களுக்குப் புகலிடமாயிற்று. வரவுப் பதிவேடு வாசிக்கப்பட்ட அறைகளில் முதியோர் படுத்தனர். கரும்பலகைக்குக் கீழே தாய்மார் குழந்தைகளை உறங்கவைத்தனர். அங்கிருந்து பலர் கப்பலேறிக் காங்கேசன்துறை சென்றனர். முகாம்கள் கலைந்து வகுப்புக்கள் மீண்டும் கூடியபோது, வாங்குகளிற் சில வெறுமையாயிருந்தன. சென்றவர்களுள் எல்லாரும் திரும்பி வரவில்லை. எஞ்சியிருந்த பிள்ளைகள் அவ்வெறுமையைப் பார்த்துக்கொண்டுதான் பாடம் கேட்டார்கள்.

ஆண்டுகள் சில செல்ல, அவ்வாங்குகள் இடம் போதாமல் நிறைந்தன. வடக்கிற் போர் மூண்டதனாலும், சிறப்பாக 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஊரைவிட்டுப் பெயர்ந்ததனாலும், குடும்பங்கள் பல காலப்போக்கில் வெள்ளவத்தையையும் கொட்டாஞ்சேனையையும் நாடி வந்தன. சிலர் உறவினர் வீடுகளிலும் பலர் விடுதி அறைகளிலும் தங்கினர். பாடசாலை தேடி வந்த பிள்ளைகளுட் சிலரிடம் விடுகைப் பத்திரமும் இல்லை. பிறப்புச் சான்றிதழும் இல்லை. சட்டத்தை மட்டும் நோக்கினால் அவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கலாம். ஆனால், மூவர் அமரும் வாங்கில் நால்வரை அமர்த்திப் பாடம் நடத்திய ஆசிரியர்கள் இருந்தார்கள். தன் கொப்பியைக் கிழித்துப் பாதியைப் புதியவனுக்குக் கொடுத்த மாணவர்களும் இருந்தார்கள். அவர்களுடைய பெயர்கள் எந்நூலிலும் பொறிக்கப்படவில்லை. எனினும், தலைநகரின் தமிழ்க் கல்வி வரலாற்றில் இதனினும் பெருமைக்குரிய பகுதி வேறில்லை எனலாம்.

இன்றைய நிலை யாது? 1980 முதற் பாடநூல்களும் 1993 முதற் சீருடையும் அரசாங்கத்தால் இலவசமாக வழங்கப்படுகின்றன. பிள்ளைகளுக்கு உடற்றண்டனை வழங்கலாகாது எனக் கல்வி அமைச்சு 2005இற் சுற்றறிக்கை விடுத்தது. ஆலோசனை வழிகாட்டலுக்கெனப் பாடசாலைகளில் ஆசிரியர் நியமிக்கப்படுகின்றனர். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிற் பல பிள்ளைகள் பசியோடு வகுப்பிற்கு வந்ததை நாடு கண்டது. 2024இல் ஆரம்பப் பிரிவு மாணவர் அனைவர்க்கும் உணவளிக்கும் திட்டம் தொடங்கியது. 1953இன் பாடம் முற்றாக மறக்கப்படவில்லை.

ஆனால், புதியதொரு வெறுமை தோன்றியிருக்கின்றது. உயர்தர வகுப்பு மாணவர் பலருக்குப் பாடசாலை பெயரளவில் அமைய, தனியார் வகுப்பு மண்டபமே உண்மையான பாடசாலை ஆகிவிட்டது. விடியற்காலையில் ஒரு மண்டபம், மாலையில் இன்னொன்று. நூற்றுக்கணக்கானோர் நெருங்கி அமரும் அம்மண்டபங்களிற் குறிப்புக்கள் கிடைக்கின்றன. ஒரு பிள்ளை மூன்று நாள் வராதிருந்தால் ஏன் என்று வினவுவார் அரியர். 2020இல் நோய்த்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, கைத்தொலைபேசி வழியே பாடம் தொடர்ந்தது. அப்போது பிள்ளைகள் பெரிதும் ஏங்கியது பாடத்திற்கன்று. மைதானத்திற்கும் தோழருக்குமே என்பதைப் பெற்றோர் நன்கறிவர்.

பெற்றோர் பிள்ளையிடம் பெறுபேற்றை எதிர்பார்க்கின்றனர். பாடசாலை ஒழுங்கை எதிர்பார்க்கின்றது. இரண்டும் நியாயமானவையே. ஆயினும், பிள்ளை எதிர்பார்ப்பது யாது என்று வினவுவோர் சிலரே. கொட்டாஞ்சேனையினதும் வெள்ளவத்தையினதும் வரலாறு அதற்கு விடை தருகின்றது. கட்டணம் செலுத்த இயலாத பிள்ளையும், பசித்து வந்த பிள்ளையும், பத்திரமின்றி வந்த பிள்ளையும் முதலில் வேண்டி நின்றது வாங்கில் ஓரிடத்தையே. அவ்விடம் கிடைத்த பின்னரே அவர்கள் கற்றார்கள்.

இன்று மாலை பிள்ளை வீடு திரும்பியதும், எத்தனை புள்ளி என்று கேட்குமுன், இன்று யாருடன் இருந்து உண்டாய் என்று பெற்றோர் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். அதற்குப் பிள்ளை உடனே ஒரு பெயரைச் சொல்லுமாயின், அப்பாடசாலை தன் கடமையிற் பெரும்பகுதியை நிறைவேற்றியுள்ளது என்று கொள்ளலாம். பெயர் எதுவும் வராதாயின், மறுநாட் காலை வகுப்பாசிரியரைச் சென்று காண்பது நன்று.