காதலும் விசாவும்: எல்லை கடந்த தமிழ் உறவுகளின் ஆவண வரலாறு

வெளிநாட்டில் வசிக்கும் காதலரையோ காதலியையோ நேரில் பார்க்கச் செல்பவர் பெரும்பாலும் சுற்றுலா விசாவில்தான் செல்கிறார். திண்டுக்கல் மாவட்டத்தில் பழனிக்கும் தாராபுரத்துக்கும் இடையே உள்ள தொப்பம்பட்டி ஒன்றியத்தைச் சேர்ந்தவர் என்றால், கடவுச்சீட்டுக்கு மதுரை மண்டல அலுவலகத்தின் எல்லைக்குள் விண்ணப்பிக்க வேண்டும். விசாவுக்குப் பெரும்பாலான நாடுகளின் விண்ணப்ப மையங்களைத் தேடிச் சென்னைக்குச் செல்ல வேண்டும். படிவத்தில் ‘பயணத்தின் நோக்கம்’ என்ற இடத்தில் சுற்றுலா, வணிகம், உறவினர் அல்லது நண்பரைச் சந்தித்தல் போன்ற வகைகள் இருக்கும். காதல் என்று ஒரு வகை இருப்பதில்லை.

கணவன், மனைவி ஆகிய உறவுகளுக்குக் குடிவரவுச் சட்டங்களில் இடம் உண்டு. அந்த இடமும் எளிதாகக் கிடைத்ததல்ல. எது திருமணம், அதற்கு எது சான்று என்ற கேள்விகளை எல்லைகள் நூறாண்டுகளுக்கும் மேலாகக் கேட்டுவருகின்றன. அந்தக் கேள்விகளைத் தமிழர்கள் எதிர்கொண்ட விதத்தையும், திருமணம் ஆகாத இணையர் சுற்றுலா விசாவுக்கு வந்துசேர்ந்த வழியையும் இக்கட்டுரை விளக்குகிறது.

துண்டும் தகர வில்லையும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மதுரை, திருச்சி, சேலம், தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றவர்களுக்கு இன்றைய பொருளில் விசா எதுவும் இல்லை. இன்றைய திண்டுக்கல் மாவட்டம் அப்போது மதுரை மாவட்டத்தின் பகுதி. கங்காணி ஊருக்கு வந்து ஆள் சேர்த்தார். முன்பணம் கடனாக எழுதப்பட்டது. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற, கடன் தொகையைக் குறித்து நிர்வாகம் எழுதித்தரும் ‘துண்டு’ தேவைப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தோட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் எண்ணும் பொறித்த தகர வில்லை வந்தது. அதை வைத்திருப்பவரின் பயணச் செலவு அந்தத் தோட்டத்தின் கணக்கில் சேர்ந்தது. மண்டபம் முகாமில் நோய்த் தடுப்புச் சோதனைகள் நடந்தன.

இந்த ஆவணங்கள் கேட்டது ஒன்றைத்தான்: இவர் யாருடைய வேலையாள்? குடும்பமாகப் போவதைத் தோட்ட நிர்வாகமும் விரும்பியது. பெண்களின் உழைப்பும் அதற்குத் தேவைப்பட்டது. அதனால் கணவன், மனைவி என்பதற்கு யாரும் சான்று கேட்கவில்லை. 1914ஆம் ஆண்டில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின், தனுஷ்கோடி வரை ரயிலிலும் அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலிலும் செல்வது வழக்கமாயிற்று.

தென்னாப்பிரிக்கா: திருமணத்துக்குச் சான்று கேட்ட எல்லை

உறவை எல்லையில் வைத்து எடைபோட்ட நிகழ்வுகளில் தமிழர் வரலாற்றோடு நெருங்கியது தென்னாப்பிரிக்காவில் நடந்தது. 1913 மார்ச் 14 அன்று கேப் உச்ச நீதிமன்ற நீதிபதி மால்கம் சேர்ல் ஒரு தீர்ப்பு அளித்தார். கணவருடன் சேர்ந்து வாழ இந்தியாவிலிருந்து வந்த பாய் மரியம் என்ற பெண்ணை நாட்டுக்குள் அனுமதிப்பது பற்றிய வழக்கு அது. பலதார மணத்தை ஏற்கும் மதத்தின் முறைப்படி நடந்த திருமணம் தென்னாப்பிரிக்கச் சட்டத்தின் முன் செல்லாது என்பது தீர்ப்பின் சாரம். வழக்கு ஒரு முஸ்லிம் குடும்பத்தைப் பற்றியது என்றாலும், அதன் விளைவு இந்து, பார்சி திருமணங்களையும் தொட்டது. அங்கு வாழ்ந்த பெரும்பாலான இந்திய மனைவியர் சட்டத்தின் கண்ணில் மனைவியர் அல்லர் என்றாயிற்று.

ஒப்பந்தக் கூலிக்காலம் முடித்தவர்கள் மீதான மூன்று பவுன் தலைவரியோடு, காந்தி நடத்திய சத்தியாகிரகத்தின் கோரிக்கைகளில் இதுவும் சேர்ந்தது. பெண்கள் நேரடியாகச் சிறை சென்றதற்கு இந்தத் தீர்ப்பு ஒரு முக்கியமான காரணம். டிரான்ஸ்வாலிலிருந்து புறப்பட்ட பதினொரு பெண்களில் பெரும்பாலோர் தமிழர். அவர்கள் நியூகாசில் சென்று நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களை வேலைநிறுத்தத்துக்கு அழைத்தனர். பின்னர் போராட்டத்தில் இணைந்து சிறை சென்ற தில்லையாடி வள்ளியம்மை, விடுதலையான சில வாரங்களில், 1914 பிப்ரவரி 22 அன்று நோயால் இறந்தார்.

1914இல் நிறைவேறிய இந்தியர் நிவாரணச் சட்டம் தலைவரியை நீக்கியது. ஒரு கணவருக்கு ஒரு மனைவி என்ற அளவில் இந்தியத் திருமணங்களை ஏற்றது. மனைவி என்ற உறவுக்குப் போராடித்தான் எல்லையில் இடம் பெற வேண்டியிருந்தது.

இலங்கை, 1949: எதிர்ச்சாட்சியான மனைவி

முதல் உலகப் போருக்குப் பின் கடவுச்சீட்டும் விசாவும் உலகெங்கும் நிலைபெற்றன. இந்தியாவிலும் 1920இல் கடவுச்சீட்டுச் சட்டம் வந்தது. ஆனால் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே போக்குவரத்து அதன் பிறகும் பெருமளவு தடையின்றி நடந்தது. 1939 ஆகஸ்டில் இந்திய அரசு இலங்கைக்கு உடலுழைப்புத் தொழிலாளர் செல்வதைத் தடைசெய்தது. அதன்பின் இலங்கை விடுதலை பெற்றதும் நிலைமை முற்றாக மாறியது. 1948ஆம் ஆண்டின் 20ஆம் எண் சட்டமான குடிவரவு, குடியகல்வுச் சட்டம் 1949 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தனுஷ்கோடியில் கப்பல் ஏறுவோருக்கு இனிக் கடவுச்சீட்டும் விசாவும் வேண்டும்.

ஊரில் மனைவியும் தோட்டத்தில் கணவனுமாக இருந்த குடும்பங்களுக்கு இது பேரிடி. 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் குடியுரிமைச் சட்டம், திருமணமானவர் ஏழு ஆண்டும் மற்றவர் பத்து ஆண்டும் தொடர்ந்து இலங்கையில் வசித்திருக்க வேண்டும் என்றது. மணமான ஆணின் மனைவியும் இலங்கையிலேயே தொடர்ந்து வசித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. மனைவி பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருந்தாலோ, மாமியாரைக் கவனிக்கத் தங்கிவிட்டாலோ, கணவனின் விண்ணப்பத்துக்கு அதுவே பாதகமாகக்கூடும். தென்னாப்பிரிக்காவில் மனைவி என்பது ஏற்கப்படவில்லை. இலங்கையில் மனைவி என்பது ஏற்கப்பட்டது. ஆனால் அவள் ஊரில் இருந்தால், கணவன் இந்த நாட்டுக்காரன் அல்ல என்பதற்கு அதுவே சாட்சியாயிற்று. ஏறத்தாழ எட்டு லட்சம் பேருக்காக வந்த விண்ணப்பங்களில், சுமார் 1,34,000 பேரே குடியுரிமை பெற்றனர்.

விசா கிடைக்காதவர்களில் சிலர் தோணியில் கடந்தனர். ‘கள்ளத்தோணி’ என்ற சொல் பின்னர் மலையகத் தமிழர் அனைவரையும் இழிவாகக் குறிக்கும் வசையாக மாறியது. தலைமுறைகளாக அங்கேயே பிறந்தவர்களும் அந்த வசையைக் கேட்டனர்.

1964 ஒப்பந்தமும் பிரிந்த இணையரும்

1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் நாடற்றவர் 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்தது. 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் பாதிப்பாதியாகப் பகிர்ந்துகொள்ள 1974இல் மற்றொரு ஒப்பந்தம் ஏற்பட்டது.

இந்தக் கணக்கு தலைகளை எண்ணியது. குடும்பத்தில் ஒருவருக்கு இந்தியக் கடவுச்சீட்டும் இன்னொருவருக்கு இலங்கைக் குடியுரிமையும் வந்த நிலை பல இடங்களில் நேர்ந்தது. நிச்சயம் செய்திருந்தவர்கள், காதலித்துக்கொண்டிருந்தவர்கள் ஆகியோருக்கு அட்டவணையில் இடமே இல்லை. பக்கத்து லயத்தில் இருந்தவர் இந்தியாவுக்குப் போனால், அவர் இனி வெளிநாட்டவர். ஒப்பந்தம் கையெழுத்தான இரண்டு மாதங்களுக்குள், 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன்பின் ராமேசுவரத்திலிருந்து சென்ற கப்பலும் 1980களில் உள்நாட்டுப் போரினால் நின்றது. தாயகம் திரும்பியோரில் ஒரு பகுதியினர் நீலகிரியிலும் கொடைக்கானல் மலையிலும் குடியேறினர். ஆகவே இந்த வரலாறு திண்டுக்கல் மாவட்டத்துக்குள்ளும் வாழ்கிறது.

மணக்கவிருப்போருக்கான விசா

திருமணத்துக்கு முந்தைய உறவைச் சட்டம் கண்டுகொண்ட தொடக்ககால எடுத்துக்காட்டுகளில் ஒன்று, 1946இல் அமெரிக்கா இயற்றிய சட்டம். போர்வீரர்கள் வெளிநாட்டில் நிச்சயம் செய்துகொண்ட பெண்களைத் தற்காலிகப் பார்வையாளராக மூன்று மாதம் அனுமதித்தது அது. அதற்குள் திருமணம் நடக்காவிட்டால் திரும்ப வேண்டும். 1970இல் இந்த ஏற்பாடு எல்லா அமெரிக்கக் குடிமக்களுக்கும் பொதுவான ‘கே-1’ விசாவாயிற்று. திருமணத்துக்கு 90 நாள் கெடு. இருவரும் முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் ஒருமுறையேனும் நேரில் சந்தித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை 1986இல் சேர்ந்தது. ஒருவரை ஒருவர் சந்திக்க முதலில் ஏதாவது ஒரு பார்வையாளர் விசா தேவைப்படுகிறது என்பது இதன் நடைமுறைப் பொருள்.

பிரிட்டனில் இந்தியப் பெண்களுக்கு நேர்ந்தது கசப்பானது. 1979 ஜனவரியில், மணக்கவிருந்தவரைத் தேடி லண்டன் ஹீத்ரு விமான நிலையத்தில் இறங்கிய 35 வயது இந்திய ஆசிரியை ஒருவர் கன்னித்தன்மைச் சோதனைக்கு உட்படுத்தப்பட்டார். மணக்க வந்தவருக்கு முன்கூட்டிய அனுமதி வேண்டாம்; மனைவியாக வந்தவருக்கு வேண்டும். அவர் உண்மையில் ஏற்கெனவே மணமானவரோ என்ற ஐயத்தை அதிகாரிகள் இப்படித் தீர்த்துக்கொண்டனர். செய்தி வெளியானதும் இந்திய அரசு கண்டித்தது, சோதனை நிறுத்தப்பட்டது. இந்தியாவில் உள்ள பிரிட்டிஷ் தூதரக அலுவலகங்களிலும் ஏறத்தாழ எண்பது பெண்களுக்கு இச்சோதனை நடந்ததை 2011இல் வெளிவந்த ஆவணங்கள் காட்டின.

பிரிட்டன் 1980களில் ‘முதன்மை நோக்க விதி’யையும் கடைப்பிடித்தது. பிரிட்டனுக்குள் நுழைவது தன் திருமணத்தின் முதன்மை நோக்கம் அல்ல என்று விண்ணப்பிப்பவரே நிறுவ வேண்டும். ஒருவர் மனத்தில் இல்லாத ஒன்றை எப்படி நிறுவுவது? இந்திய, பாகிஸ்தானிய, வங்கதேச இணையர் பலர் இதனால் ஆண்டுக்கணக்கில் பிரிந்திருந்தனர். 1997இல் இவ்விதி கைவிடப்பட்டது.

தமிழ்நாட்டில் திருமணச் சான்று

எல்லை கேட்கும் சான்றை வழங்க உள்ளூர்ச் சட்டமும் நெடுங்காலம் தயாராக இல்லை. புரோகிதரின்றி நடந்த சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 1953இல் தெய்வானை ஆச்சி வழக்கில் கூறியது. அண்ணாதுரை அரசு 1967இல் நிறைவேற்றிய சட்டத் திருத்தத்தால், முன்பு நடந்தவை உட்பட அத்திருமணங்கள் சட்டத் தகுதி பெற்றன. எல்லாத் திருமணங்களையும் பதிவுசெய்வதை 2009ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் கட்டாயமாக்கியது. இன்று துணைவர் விசாவுக்கான முதல் காகிதம் சார்பதிவாளர் அலுவலகத்திலிருந்து வருகிறது.

வெவ்வேறு மதத்தவரோ வெளிநாட்டவரோ மணக்க 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் உதவுகிறது. இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் வசித்திருக்க வேண்டும். அறிவிப்புக்குப் பின் இன்னும் 30 நாள் காத்திருக்க வேண்டும். இந்தியாவின் 30 நாள் மின்-சுற்றுலா விசாவில் வரும் காதலருக்கு இந்தக் கால அளவே தடையாகலாம். இந்தியரின் மணமான வெளிநாட்டுத் துணைவருக்குத் தனி நுழைவு விசா உண்டு. மணமாகாத இணையருக்கு அது இல்லை. மற்ற நாடுகளிடம் நாம் காணும் அதே வரம்பு நம் நாட்டிலும் இருக்கிறது.

ஒருபால் இணையருக்கு இந்தக் கதவும் மூடியுள்ளது. 2018இல் ஒருபாலுறவு குற்றமல்ல என்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபர் 17 அன்று அவர்களுக்குத் திருமண உரிமையை அறிவிக்க மறுத்தது. இந்தியாவில் அவர்களால் திருமணச் சான்று பெற முடியாது.

சுற்றுலா விசாவின் கேள்வி

துணைவர் விசாவும் சுற்றுலா விசாவும் நேர் எதிரான இரண்டு கேள்விகளைக் கேட்கின்றன. உங்கள் உறவு உறுதியானது என்று காட்டுங்கள் என்பது முதலாவது. ஊரோடு உங்களுக்குள்ள பிணைப்பு அதைவிட உறுதியானது என்று காட்டுங்கள் என்பது இரண்டாவது. அமெரிக்காவின் 1952ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம், பார்வையாளராக விண்ணப்பிப்பவரைக் குடியேற வருபவராகவே முதலில் கருதுகிறது. அப்படி இல்லை என்று அவரே மெய்ப்பிக்க வேண்டும். ஷெங்கன் நாடுகளின் குறுகிய கால விசா, எந்த 180 நாளிலும் 90 நாளுக்கு மேல் தங்க விடாது. அதற்குத் தங்குமிடச் சான்று, பணவசதிச் சான்று, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு ஆகியவை வேண்டும்.

வேலைச் சான்றிதழ், விடுப்புக் கடிதம், வங்கிக் கணக்கு, நிலப் பத்திரம், ஊரில் உள்ள பெற்றோர் ஆகியவை ‘திரும்பி வருவார்’ என்பதற்கான அடையாளங்களாகக் கொள்ளப்படுகின்றன. மணமாகாத, சொத்தில்லாத, சமீபத்தில் வேலைக்குச் சேர்ந்த இளைஞரிடம் இவை குறைவு. அங்கே காதலர் இருக்கிறார் என்பதும் திரும்பி வராமைக்கான காரணமாகப் படிக்கப்படலாம். அதற்கு அஞ்சி உறவை மறைப்பது மேலும் ஆபத்து: பொய்த் தகவல் தந்ததாகக் கண்டறியப்பட்டால் பின்னாளில் துணைவர் விசாவும் மறுக்கப்படக்கூடும். அழைப்பவரின் கடிதத்தில் உறவை உள்ளபடி குறிப்பிடுவதும், திரும்பும் தேதிக்கான காரணத்தை ஆவணத்தோடு காட்டுவதும் பாதுகாப்பான வழி.

2020: காதல் சுற்றுலா அல்ல

கோவிட் பெருந்தொற்றில் நாடுகள் எல்லைகளை மூடியபோது சுற்றுலாப் பயணம் அவசியமற்றது என்று நிறுத்தப்பட்டது. கணவன், மனைவியருக்குப் பல நாடுகள் விலக்கு அளித்தன. மணமாகாத இணையர் சுற்றுலாப் பயணிகளாகவே கருதப்பட்டு வெளியே நின்றனர். ‘காதல் சுற்றுலா அல்ல’ என்ற பொருள்படும் முழக்கத்தோடு அவர்கள் இணையத்தில் ஒன்றுதிரண்டனர். 2020இன் கோடையில் டென்மார்க், நெதர்லாந்து, ஜெர்மனி ஆகிய நாடுகள் நீண்டகால உறவில் இருப்பவர்களுக்கு நிபந்தனைகளுடன் வழிவிட்டன. முன்பு சந்தித்ததற்கான சான்று, உறவை உறுதிசெய்யும் கையொப்பம் போன்றவை கேட்கப்பட்டன. இந்த விலக்குகள் பெருந்தொற்றுக் காலத்துக்கானவை.

மதிப்பீடு

1913இல் மனைவி என்ற உறவுக்கு நடந்த போராட்டம் சட்டத்தில் இடம்பெற்றது. அதன் பயனை இன்று துணைவர் விசா பெறும் ஒவ்வொருவரும் அனுபவிக்கிறார்கள். ஆனால் அந்த வெற்றி திருமணத்தின் எல்லையோடு நின்றது. பிரிட்டன் போன்ற சில நாடுகள், இரண்டு ஆண்டு உறவைக் காட்டும் மணமாகாத இணையரையும் துணைவராக ஏற்கின்றன. அந்த இரண்டு ஆண்டு உறவைக் கட்டியெழுப்ப, தொப்பம்பட்டியில் இருப்பவருக்குக் கிடைக்கும் கருவி சுற்றுலா விசா மட்டுமே. அதை வழங்குவதா என்று முடிவெடுக்கும் அதிகாரி அவருடைய வங்கிக் கணக்கையும் நிலப் பத்திரத்தையும் பார்க்கிறார். எனவே யார் யாரைக் காதலித்துப் பிரியாமல் இருக்க முடியும் என்பது இன்றும் ஓரளவு சொத்தாலும் வேலையாலும் தீர்மானிக்கப்படுகிறது.