மிஷன் பயணத் தொண்டும் குழந்தைகள் இல்லங்களும்

கிறித்தவ சபையார் தம் செலவில், அல்லது சபை திரட்டித் தரும் காணிக்கையில், வெளிநாடு சென்று அனாதைப் பிள்ளைகளுக்கு இல்லம் கட்டவும் நடத்தவும் உதவுவது மிஷன் பயணத் தொண்டு. இன்று இது பெரும்பாலும் ஓரிரு வாரப் பயணம். முற்காலத்தில் தமிழ்நாட்டுக்கு வந்தவர்களில் பலர் இங்கேயே தங்கி, இங்கேயே அடக்கமானார்கள்.

அரியலூர் மாவட்டத்தில் அப்படித் தங்கிப் பணிசெய்தவருக்குச் சான்று ஏலாக்குறிச்சி. இத்தாலியரான வீரமாமுனிவர் (1680–1747) அங்கு அடைக்கல மாதா ஆலயம் எழுப்பியதோடு, அவ்வூரைப் பாட்டுடைத் தலமாக்கித் திருக்காவலூர்க் கலம்பகமும் பாடினார். பிள்ளைகளுக்கான இல்லம் என்று பார்த்தால், தமிழ்நாட்டின் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு திருநெல்வேலிச் சீமையில் இருக்கிறது.

டோனாவூர், களக்காட்டுக்கு அருகே மேற்குத் தொடர்ச்சி மலையடியில் உள்ள சிற்றூர். மிஷனரி ரேனியஸ் ஐயர் காலத்தில் பண உதவி செய்த பிரஷ்யப் பிரபு டோனாவின் பெயர் ஊருக்கு வந்தது. அயர்லாந்தில் 1867இல் பிறந்த ஏமி கார்மைக்கேல், ஜப்பானில் சிறிது காலம் பணிசெய்துவிட்டு 1895இல் பெங்களூர் வந்தார். அடுத்த ஆண்டு திருநெல்வேலிப் பகுதிக்கு இறங்கினார். அவர் இல்லம் கட்ட வந்தவர் அல்லர். கிராமம் கிராமமாகப் பெண்களிடம் பிரசங்கம் செய்யும் குழுவோடு அலைந்தவர். 1901 மார்ச்சில், பெருங்குளத்தில் கோயிலுக்கு நேர்ந்துவிட இருந்த பிரீனா என்ற ஏழு வயதுச் சிறுமி தப்பி வந்து அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். ஒன்று இரண்டாகி, 1913இல் பிள்ளைகளின் தொகை 130ஐத் தொட்டது. 1918 முதல் ஆண் குழந்தைகளையும் ஏற்றார்கள். 1927இல் டோனாவூர் ஐக்கியம் தனி அமைப்பாகப் பதிவானது.

கட்டடங்களைவிட அங்கிருந்த ஏற்பாடுதான் கவனிக்கத் தக்கது. பெரிய கூடத்தில் வரிசையாகப் படுக்க வைக்காமல், சிறு சிறு வீடுகளில் வயது கலந்த பிள்ளைகளை ஓர் அக்காளின் பொறுப்பில் விட்டார்கள். வெளிநாட்டுப் பெண் ஊழியர் சித்தி. ஆண் ஊழியர் அண்ணாச்சி. ஏமி எல்லாருக்கும் அம்மா. பல பிள்ளைகளுக்குப் பிறந்த நாள் தெரியாது என்பதால் வந்து சேர்ந்த நாளையே கொண்டாடினார்கள். வந்த ஐரோப்பியர் தமிழ் கற்றாக வேண்டும், பெண்கள் சேலைதான் கட்டினார்கள், சம்பளம் கிடையாது. இந்தியா வந்த பின் ஏமி ஒருமுறைகூடத் தாயகம் திரும்பவில்லை. 1931இல் விழுந்து அடிபட்ட பின் பெரும்பாலும் படுக்கையிலேயே இருந்து, 1951 ஜனவரி 18 அன்று டோனாவூரிலேயே இறந்தார். இன்று ஐக்கியத்தை நடத்துவோர் இந்தியர்கள்.

குறைகளும் சொல்ல வேண்டும். பிள்ளைகள் கிறித்தவர்களாகவே வளர்க்கப்பட்டார்கள். பெற்றவர்கள் திரும்பக் கேட்டு வழக்குக்குப் போனதும் உண்டு. சிறுமிகளைக் கோயிலுக்கு நேர்ந்துவிட்டுப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழித்ததும் மிஷனரிகள் அல்லர். அதற்கு முத்துலட்சுமி ரெட்டி போன்றோரின் நெடிய போராட்டமும் 1947ஆம் ஆண்டுச் சட்டமும் தேவைப்பட்டன. முத்துலட்சுமி தொடங்கிய அவ்வை இல்லம் மத மாற்றம் இன்றியே அதே பணியைச் செய்தது.

தமிழர்களும் இப்படி மிஷன் ஊழியத்துக்குப் புறப்பட்டார்கள். 1903இல் வி. எஸ். அசரியா முதலானோர் தொடங்கிய திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம், தெலுங்கு பேசும் டோர்ணக்கல் பகுதிக்கு ஊழியரை அனுப்பியது. அவர்களும் முதலில் தெலுங்கு படிக்க வேண்டியிருந்தது.

20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் விமானப் பயணம் எளிதாக, குறுகிய காலப் பயணங்கள் பெருகின. வருபவர்கள் செங்கல் சுமப்பார்கள், சுவருக்கு வண்ணம் அடிப்பார்கள், மாலையில் பிள்ளைகளுக்குப் பாட்டும் விளையாட்டும் நடத்துவார்கள். உள்ளூர்க் கொத்தனாரும் சித்தாளும் இதைவிடச் செம்மையாகக் கட்டுவார்கள் என்பதும், விமானக் கட்டணத்தை அவர்களுக்குக் கூலியாகக் கொடுத்தால் வேலையும் பணமும் ஊரிலேயே தங்கும் என்பதும் நியாயமான வாதங்கள். இன்னொன்று கனமானது: ஒட்டிக்கொண்ட பிள்ளையை விட்டுவிட்டுப் பத்தாம் நாள் விமானம் ஏறுவது அந்தப் பிள்ளைக்கு மறுபடி ஒரு பிரிவு. கம்போடியா, நேபாளம் போன்ற நாடுகளில் பெற்றோர் உள்ள பிள்ளைகளையே அனாதைகள் என்று காட்டி நன்கொடை திரட்டிய இல்லங்கள் வெளிச்சத்துக்கு வந்தன. 2019இல் ஐ.நா. பொதுச்சபை, அனாதை இல்லத் தன்னார்வப் பயணங்கள் பிள்ளைகளுக்குத் தீங்காக முடியக்கூடும் என்று தீர்மானத்தில் எச்சரித்தது.

இந்தியாவில் சட்டமும் குறுக்கே நிற்கிறது. சுற்றுலா விசாவில் வந்து மிஷன் ஊழியம் செய்ய இயலாது. வெளிநாட்டு நன்கொடைக்கு 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அனுமதி வேண்டும். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி, ஆதரவற்ற பிள்ளைகளைப் பராமரிக்கும் எந்த இல்லமும் பதிவு பெற வேண்டும். மீறினால் ஓராண்டு வரை சிறையோ, ஒரு லட்ச ரூபாய்க்குக் குறையாத அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். ஒரு பிள்ளை இல்லத்தில் சேர வேண்டுமா, உறவினரிடம் போக வேண்டுமா என்பதை மாவட்டக் குழந்தைகள் நலக் குழு முடிவு செய்கிறது. யாருமற்ற பிள்ளையைக் கண்டவர்கள் நேரே ஓர் இல்லத்தில் கொண்டுபோய் விட வேண்டாம். 1098 என்ற கட்டணமில்லா எண்ணை அழையுங்கள்.