தன் பெயரைத் தான் அறியாத செயலி



கேமரன் மலையில் தோட்டத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் நான் பணியாற்றிய காலம். 2004-ஆம் ஆண்டில் எங்கள் பள்ளிக் கணினி திடீரென நின்றுபோனது. திறந்து பார்த்தால், தாய்ப்பலகையில் இருந்த மின்தேக்கிகள் உப்பி வெடித்திருந்தன. அக்காலத் தாய்ப்பலகைகள் பலவற்றுக்கு நேர்ந்த கதிதான் அது. ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கான தேர்வுப் பயிற்சித் தாள்களை முரசு அஞ்சலில் தட்டச்சு செய்ய எங்களிடம் இருந்தது அந்த ஒரே கணினி.

கொழுந்து பறிப்போர், தேயிலை ஆலையில் வேலை செய்வோர் ஆகியோரின் வீடுகளில் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார் பணம் திரட்டினர். ஈப்போவில் கணினி பழுதுபார்க்கும் தொழிலில் இருந்த எங்கள் முன்னாள் மாணவர் ஒருவர், புதிய தாய்ப்பலகையும் செயலியும் வாங்கிக்கொண்டு சனிக்கிழமையன்று மலையேறி வந்தார். மாலைக்குள் பொருத்தி முடித்தார். கூலி என்று ஒரு காசும் வாங்கவில்லை. பற்றுச்சீட்டில் 'அத்லான் எக்ஸ்பி 2500+' என்று எழுதியிருந்தது.

திங்கட்கிழமை காலை கணினியை இயக்கினேன். திரையில் 'அத்லான் எக்ஸ்பி 1700+' என்று வந்தது. விண்டோசும் அதையே சொன்னது.

அன்று மாலைக் கூட்டத்தில் பற்றுச்சீட்டையும் திரையையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். "தம்பி மலிவுச் சரக்கைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார் ஐயா" என்றார் ஒருவர். கூட்டக் குறிப்பிலும் அது ஏறியது. நான் மறுத்துப் பேசவில்லை. கணினியே சொல்கிறதே, கணினி பொய் சொல்லுமா என்று நானும் நினைத்தேன். மூன்று நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

பின்னர்தான் இதன் வரலாற்றைத் தேடிப் படித்தேன். அதைச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

தொடக்கக் காலச் செயலிகளுக்குத் தம் பெயரைச் சொல்லும் வழியே கிடையாது. 1978-இல் வந்த 8086, 1982-இல் வந்த 80286, 1985-இல் வந்த 80386 ஆகியவற்றைப் பிரித்தறிய வேண்டிய மென்பொருள், தந்திரம் செய்துதான் கண்டுபிடித்தது. செயலியின் கொடிப் பதிவகத்தில் உள்ள மேல் நான்கு பிட்டுகளை மாற்றிப் பார்க்கும். எப்போதும் ஒன்றாகவே நின்றால் 8086. எப்போதும் சுழியாகவே நின்றால் 80286. மாற்ற முடிந்தால் 80386 அல்லது அதற்குப் பிந்தியது. ஆளின் பெயரைக் கேட்காமல் நடையை வைத்து அடையாளம் காண்பது போன்றது இது.

பெயரின் மதிப்பு ஒரு வழக்கினால் உயர்ந்தது. '386' என்னும் எண்ணைத் தனக்கே உரிய வணிகக் குறியாகக் கொள்ள இண்டெல் நிறுவனம் முயன்றது. 1991-இல் அமெரிக்க நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. ஆகவே, அடுத்த தலைமுறைச் செயலி 586 ஆகாமல் 1993-இல் 'பெண்டியம்' ஆயிற்று. அதனுடன் 'சி.பி.யு.ஐ.டி.' என்னும் கட்டளையும் வந்தது. (486-இன் பிந்திய வகைகள் சிலவற்றிலும் இது இடம்பெற்றது.) அக்கட்டளையைக் கொடுத்தால் செயலி தன்னை உருவாக்கியவரைப் பன்னிரண்டு எழுத்துகளில் சொல்லும். இண்டெல் 'ஜெனுயின் இண்டெல்' என்றது. ஏ.எம்.டி. 'அத்தெண்டிக் ஏ.எம்.டி.' என்றது. சைரிக்ஸ் நிறுவனமோ குறும்பாக 'சைரிக்ஸ் இன்ஸ்டெட்', அதாவது 'அதற்குப் பதிலாகச் சைரிக்ஸ்' என்று பதித்தது. ஆனால், அந்நிறுவனத்தின் 6x86 செயலியில் இக்கட்டளை தொடக்கத்திலேயே அணைத்து வைக்கப்பட்டிருந்தது. எனவே, விண்டோஸ் 95 அதனை 486 என்று தவறாக அடையாளம் காட்டியது. காசு கொடுத்துப் புதுச்செயலி வாங்கியவர் பழையது கிடைத்ததாக எண்ணித் திகைக்க நேர்ந்தது. எங்கள் பள்ளிக்கு நேர்ந்தது புதுக்கதை அன்று.

1999-இல் வந்த பெண்டியம் III ஒவ்வொன்றுக்கும் 96 பிட் கொண்ட தனி எண்ணே இருந்தது. பயனரை வேவு பார்க்க உதவும் என்று பலத்த எதிர்ப்பு எழுந்தது. அடுத்து வந்த பெண்டியம் 4-இல் அவ்வெண் இல்லை. ஆயினும், 2000-இல் வெளிவந்த அந்தப் பெண்டியம் 4 தன் முழுப் பெயரையும் உரிய வேகத்தையும் தன்னுள்ளேயே எழுதி வைத்திருந்தது. தாய்ப்பலகை அதனை மெதுவாக ஓட்டினாலும் பெயர் மாறாது.

அத்லான் எக்ஸ்பி அப்படி அன்று. 2001 அக்டோபரில் அது வெளிவந்தபோது, ஏ.எம்.டி. மெகாஹெர்ட்ஸ் கணக்கைப் பெயரிலிருந்து நீக்கிவிட்டு 1500+, 1700+ போன்ற மாதிரி எண்களைச் சூட்டியது. அந்த எண் செயலிக்குள் நிலையாகப் பதிக்கப்படவில்லை. தாய்ப்பலகையில் உள்ள பயோஸ் மென்பொருளே, செயலி ஓடும் வேகத்தைக் கணக்கிட்டு, பொருத்தமான பெயரைச் செயலியின் பதிவகத்தில் எழுதும். விண்டோஸ் அதைப் படித்துக் காட்டும். செயலியைக் கேட்பதாக நாம் நினைக்கிறோம். விடை சொல்வது பயோஸ்.

கணக்கைப் பாருங்கள். 2500+ செயலி தாய்ப்பலகையின் துடிப்பைப் பதினொரு மடங்கு பெருக்கிக்கொள்வது. துடிப்பு 166 ஆனால் 1833 மெகாஹெர்ட்ஸ், அதுவே 2500+. துடிப்பு 133 ஆனால் 1466. அது 1700+ செயலிக்கு உரிய வேகம். துடிப்பு 100 ஆகிவிட்டால் 1100 மெகாஹெர்ட்ஸ்தான். அக்காலப் பலகைகள் பலவற்றில் இத்துடிப்பை ஜம்பர் எனும் சிறு செருகியை இடம் மாற்றித்தான் அமைக்க வேண்டும்.

தோட்டப்புறத்தில் ஆசிரியராக இருப்பவர்க்கு இது புதிதாகத் தோன்றாது. எங்கள் பள்ளிப் பதிவேட்டில் ஒரே வீட்டு அண்ணன் தம்பிக்கு அப்பாவின் பெயர் இரண்டு விதமாக எழுதப்பட்டிருந்தது. பிறப்புப் பத்திரம் எழுதிய கை அப்படி. பிள்ளை தன் பெயரைத் தமிழில் சரியாக எழுதினாலும், தேர்வுத் தாளில் பத்திரத்தில் உள்ளபடிதான் எழுத வேண்டும் என்று நானே திருத்தியிருக்கிறேன்.

வியாழக்கிழமை அந்த இளைஞரைத் தொலைபேசியில் அழைத்தேன். வெள்ளிக்கிழமை பேருந்தில் ஏறி வந்தார். சி.பி.யு.-இசட் என்னும் சிறு மென்பொருளை வட்டில் கொண்டு வந்திருந்தார். பெயரை விட்டுவிட்டு வேறு அடையாளங்களைக் காட்டினார். கேஷ் நினைவகம் 512 கிலோபைட் என்றிருந்தது; உண்மையான 1700+ செயலியில் 256 கிலோபைட்தான் இருக்கும். செயலியின் மாதிரி 10 என்றிருந்தது. 2003 பிப்ரவரியில் வந்த 'பார்டன்' வகைக்கு உரியது அது. இவ்விரண்டையும் பயோஸ் எழுதுவதில்லை, செயலியே சொல்வது.

பின்னர் விசிறியைக் கழற்றிச் செயலியின் முகத்தைக் காட்டினார். குறியீட்டு வரியில் 2500 என்ற எண். வரியின் கடைசியில் '4' 512 கிலோபைட்டையும், 'டி' 333 என்னும் பஸ் வேகத்தையும், அதாவது 166-இன் இரட்டிப்பையும், குறிப்பவை. அதனருகே 'மலேசியாவில் பொருத்தப்பட்டது' என்ற ஆங்கில வாசகம். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் செதுக்கப்பட்ட சில்லு, நம் நாட்டில் உறையிடப்பட்டிருக்கிறது. இண்டெல், ஏ.எம்.டி. இரண்டுமே 1972-இல் பினாங்கில் ஆலை திறந்தவை. எங்கள் லயத்து அக்காமார் இருவர் பாயான் லெப்பாசுக்கு அத்தகைய வேலைக்குப் போனது என் நினைவுக்கு வந்தது.

ஜம்பரைப் பார்த்தோம். 133-இல் இருந்தது. "நான்தான் கவனிக்காமல் விட்டுவிட்டேன் ஐயா, மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றார். செருகியை மாற்றி இயக்கியதும் திரை 2500+ என்றது. மன்னிப்புக் கேட்க வேண்டியவர் அவரல்லர் என்று நான் சொன்னபோது, அவர் திருகாணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

அடுத்த கூட்டத்தில் அந்தக் குறிப்பை அடித்துத் திருத்தக் கேட்டுக்கொண்டேன். செயலாளர் சிவப்பு மையால் கோடிட்டுக் கையொப்பமிட்டார். கணினி அதன்பின் பல ஆண்டுகள் ஓடியது. அந்தத் தம்பி விழாக்களுக்கு வருவார். கணினி அறைப்பக்கம் மட்டும் வந்ததில்லை.