ஊர்ச் செய்தியும் இரண்டாம் பதிவேடும்: மர்பி டவுன், 1898 – 2020

பெங்களூரில் அல்சூரை ஒட்டிய மர்பி டவுனின் பழைய பெயர் நாக்ஸ்பேட்டை. கண்டோன்மென்ட்டின் பொறியாளராயிருந்த மர்பியின் பெயர் அதற்குப் பின்னரே வந்தது. மதராஸ் படையைத் தொடர்ந்தும் படைக்குத் தேவையான தொழில்களை நாடியும் வந்த தமிழர்கள் இப்பகுதியில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தனர். 1881இல் மைசூர் ஆட்சி உடையார்களிடம் திரும்பியபோதும், கண்டோன்மென்ட் மட்டும் 1947 வரை பிரித்தானிய ரெசிடெண்டின் கீழேயே இருந்தது. மைசூரின் நடுவே வாழ்ந்தும் மைசூர் அரசின் குடிகளாக இல்லாத இம்மக்களின் பேச்சில், ‘ஊர்’ என்பது வசிக்கும் இடமன்று. விட்டு வந்த கிராமம்.

1898 ஆகஸ்டில் பிளேக் பெங்களூருக்குள் நுழைந்தது. ஹூப்ளியிலிருந்து ரயில் வழியே அது வந்தது. 1864 முதல் ஜோலார்பேட்டை வழியாகக் கண்டோன்மென்ட்டை மதராஸோடு இணைத்திருந்ததும் ரயில்தான். கடிதமும் பத்திரிகையும் உறவினரும் வந்த அவ்வழி ஒரே நாளில் ஐயத்துக்குரிய வழியாயிற்று. நோய் கண்ட இடங்களிலிருந்து மதராஸ் மாகாணத்துக்குள் வருவோர் ‘பிளேக் பாஸ்போர்ட்’ பெற்று, பத்து நாள்கள் அதிகாரிகள் முன் தோன்ற வேண்டியிருந்தது. சொந்த ஊருக்குச் செல்லவே அனுமதிச் சீட்டு தேவைப்பட்டது.

அந்நாளில் ஊர்ச் செய்தியை எதைக் கொண்டு அறிவது? 1897ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டம் அதிகாரிகளுக்கு வீடு புகுந்து சோதிக்கும் வலிமையைத் தந்திருந்தது. அச்சட்டத்தின்கீழ் நடந்த கெடுபிடிகளின் விளைவாக அதே ஆண்டு ஜூனில் புனேயில் பிளேக் அதிகாரி ராண்ட் சுடப்பட்டார். அதனைத் தொடர்ந்து திலகர் ராஜத்துரோக வழக்கில் சிறை சென்றார். 1898இல் அவ்வழக்குக்குரிய 124ஏ பிரிவும் விரிவாக்கப்பட்டது. நோயைப் பற்றி எழுதுவதே பத்திராதிபர்களுக்கு ஆபத்தான காலம் அது. ஜி. சுப்பிரமணிய ஐயரின் ‘சுதேசமித்திரன்’ நாளிதழாக மாறியதும் அதற்கு அடுத்த ஆண்டில்தான். ஆகவே அரசு அறிக்கை ஒன்று சொல்லும். ரயிலில் வந்தவர் வாய்மொழி வேறொன்று சொல்லும். இரண்டையும் ஒப்பிட்டுச் சரிபார்க்க மூன்றாவது சான்று எதுவும் சாமானியர் கைக்கு எட்டவில்லை. அந்த வெற்றிடத்தில் வதந்தி வளர்ந்ததை மக்களின் அறியாமை என்று மட்டும் சொல்லி ஒதுக்குவது நியாயமாகாது.

2020 மார்ச்சில் அதே 1897ஆம் ஆண்டுச் சட்டம் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. அத்திப்பள்ளி எல்லையைக் கடந்து ஓசூருக்குள் நுழைய இ-பாஸ் வேண்டியதாயிற்று. பழைய பாஸ்போர்ட்டின் பேரன் என்றே அதனைச் சொல்லலாம். ஆனால் செய்திக்குக் குறைவில்லை. தமிழ்த் தொலைக்காட்சிகள், ‘தினத்தந்தி’யின் பெங்களூர்ப் பதிப்பு, வாட்ஸ்அப், நாள்தோறும் தமிழ்நாடு சுகாதாரத் துறை வெளியிட்ட அறிக்கை என ஊர் கைக்குள்ளேயே இருந்தது.

இருந்தும் நம்பிக்கை எளிதாகக் கிட்டவில்லை. அறிக்கை சொன்ன இறப்புத் தொகை ஒரு புறம். ஊரிலிருந்து தொலைபேசியில் வந்த சாவுச் செய்தி மறு புறம். ஜூன் மாதத்தில் சென்னை மாநகராட்சியின் இறப்புப் பதிவேட்டையும் மாநில அறிக்கையையும் ஒப்பிட்ட செய்தியாளர்கள், இரண்டும் பொருந்தவில்லை என்று எழுதினர். அரசு ஒரு குழுவை அமைத்தது. ஜூலை 22 அன்று, விடுபட்டிருந்த 444 இறப்புகள் கணக்கில் சேர்க்கப்பட்டன.

444 என்பதை ஊழலின் அளவாகப் படிப்பவரும் உண்டு; நேர்மையின் சான்றாகப் படிப்பவரும் உண்டு. தொலைவில் இருப்பவருக்கு அது உணர்த்துவது வேறு. செய்தியின் நம்பகம் அதை வெளியிடுபவரின் பெயரில் இல்லை. அதனைச் சரிபார்க்க இரண்டாவது பதிவேடு ஒன்று இருப்பதிலும், அதனைத் திறந்து பார்க்கும் துணிவுள்ளோர் இருப்பதிலும் உள்ளது. 1898இன் கண்டோன்மென்ட் தமிழருக்கு அது வாய்க்கவில்லை. 2020இல் வாய்த்தது, ஆனால் தாமதமாக. அந்தத் தாமதத்தில் 444 குடும்பங்களின் இழப்பு, கணக்கில் வராத இழப்பாகவே பல வாரங்கள் இருந்தது.